வாசலில் வேப்பிலை, கதவில் ஸ்டிக்கர்



சித்திரை கடைசிக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் செய்தித்தாள்களில் இரண்டு செய்திகள் ஒன்றையொன்று ஒட்டியே வரும். ஒன்று, பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலயத் திருவிழா. இன்னொன்று, அதை முன்னிட்டுத் தூத்துக்குடி மாவட்டத்தில் 144 தடை உத்தரவு. ஊர் ஊராக இளைஞர்கள் ஜோதியை ஏந்திக்கொண்டு ஓடி வருகிற நாட்கள் அவை. கூட்டமாகச் சேரக் கூடாது, வாள், கம்பு எடுத்து வரக் கூடாது, ஊர்வலமாக வண்டிகளில் வரக் கூடாது என்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அறிக்கை வெளியாகும். கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் விலக்கு உண்டு என்பதும் அதில் இருக்கும். விழா முடிந்ததும் உத்தரவும் முடிந்துபோகும்.

போன முறை இந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு பள்ளி மாணவி எங்களுக்கு எழுதிக் கேட்டிருந்தாள்: "144 போட்டிருக்கிறார்களே, மறுபடியும் கொரோனாவா?" கொரோனா வந்தபோது அவள் சின்னப் பிள்ளை. 144 என்ற எண்ணோடு அவள் நினைவில் இருப்பது பூட்டிய பள்ளிக்கூடமும் ஆளில்லாத தெருவும்தான். அவளுடைய தாத்தாவுக்கோ அதே எண் என்றால் போலீஸ் வேனும் திருவிழாப் பந்தோபஸ்தும்தான். ஒரே எண்ணை இரண்டு தலைமுறை இரண்டு விதமாகப் புரிந்து வைத்திருக்கிறது. அவளுக்கு எழுத வேண்டிய பதில் நீண்டுகொண்டே போனதால் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 144 என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஒரு பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்து அது 163 ஆகிவிட்டது. மக்கள் வாயில் இன்னும் 144தான். கலவரமோ ஆபத்தோ வரும் என்று தோன்றினால் கூட்டம் கூடுவதைத் தடுக்க அது பயன்படும். 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசி, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். அதற்குப் பின்னால் நின்றவை வேறு இரண்டு சட்டங்கள். ஒன்று 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். மற்றது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்கார அரசு அதை அவசரமாகக் கொண்டுவந்தது. சில பிரிவுகளே உள்ள அந்தச் சட்டம் அதிகாரியிடம் பெரிய அதிகாரத்தைக் கொடுத்தது. வீட்டில் அடைபட்டவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது.

கலெக்டர் ஜாக்சன் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை ஊர் ஊராக அலைய வைத்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். உத்தரவு என்று ஒன்று வந்தால், "இது யாருக்காக?" என்று கேட்கிற பழக்கம் நமக்கு உண்டு. நல்ல பழக்கம்தான். வீட்டில் இரு என்கிற உத்தரவுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்லாமல் உத்தரவை மட்டும் சொன்னதில்தான் 2020இல் பல வேதனைகள் தொடங்கின என்பது என் எண்ணம்.

நமக்கு அந்தப் பதில் முன்பே தெரியும். கரிசல் கிராமங்களில் அம்மை போட்ட வீட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. ஒரு பிள்ளைக்கு முத்துப் போட்டுவிட்டது என்று தெரிந்ததுமே வாசலில் வேப்பிலைக் கொத்து செருகிவிடுவார்கள். அதைப் பார்த்த பிறகு வெளியாள் உள்ளே போவதில்லை. பால்காரர் வாசலில் நின்றே செம்பில் ஊற்றிவிட்டுப் போவார். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. அந்த வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் போக மாட்டார்கள், துட்டிக்கும் போக மாட்டார்கள். போகாததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். "அம்மா வந்திருக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்து வீட்டிலிருந்து கேப்பைக் கூழும் மோரும் வரும். பனங்காட்டுக்குப் போனவர் நுங்கு சீவிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்கிற மட்டும் பிள்ளை வேப்பிலைப் படுக்கையில்தான். பிறகு ஒற்றைப்படை நாளாகப் பார்த்து மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகே பிள்ளை தெருவுக்கு வரும்.

இப்போது மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். சின்னம்மை கண்டவரிடமிருந்து நோய் தொற்றுவது கொப்புளம் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டுகிற வரைக்கும். மூன்று தண்ணீர்க் கணக்கு ஏறக்குறைய அதே காலத்தைத்தான் அளந்து வைத்திருந்தது. இதைச் சொல்லி மருத்துவம் வேண்டாம் என்று யாரும் வாதாட வேண்டாம். சாமிக்குத்தம் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் பார்வை போனவர்களும் உயிரை விட்டவர்களும் பெரியம்மைக் காலத்தில் ஏராளம். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். உலகத்தில் அது ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். நான் சொல்ல வருவது வேப்பிலையின் வேலையை. யார் உள்ளே இருக்க வேண்டும், எதுவரைக்கும் இருக்க வேண்டும், வெளியே இருப்பவர்கள் அவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அந்த ஒரு கொத்து இலை சொல்லிவிட்டது. காவலுக்கு ஒரு போலீஸ்காரர் வேண்டியிருக்கவில்லை.

கொரோனா இதைவிடச் சிக்கலானது. கொப்புளம் போல் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் அதற்குக் கிடையாது. கிருமி உடம்புக்குள் போய் சராசரியாக ஐந்து நாளில் காய்ச்சலோ இருமலோ வரும். சிலருக்கு 14 நாள் வரைக்கும் ஆகலாம். அது வருவதற்கு ஓரிரு நாள் முன்பே அவர் மூச்சில் நோய் வெளியேறத் தொடங்கிவிடும். தும்மல்கூட இல்லாமல் நல்ல உடம்போடு நடமாடுகிறவர் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட முடியும். நோயாளி யார் என்றே தெரியாதபோது எந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது? எல்லா வீட்டிலும் செருக வேண்டியதுதான். ஊரடங்கின் பொருள் இவ்வளவே. தொடக்கத்தில் தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, ஆஸ்பத்திரியில் கட்டில் போதாது. ஒருவரிடமிருந்து இரண்டு மூன்று பேருக்குப் போகிற சங்கிலியை எங்காவது அறுத்தால்தான் ஆஸ்பத்திரி தாங்கும். அதற்காக வாங்கிய அவகாசம் அது.

காலம் தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சி உண்டு. 1918 இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று போர்க் கடன்பத்திர ஊர்வலத்தை நிறுத்தாமல் நடத்தியது. சில நாளில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. செயின்ட் லூயிஸ் நகரம் நோய் தலைகாட்டிய கையோடு பள்ளிகளையும் தியேட்டர்களையும் கூட்டங்களையும் நிறுத்தியது. அங்கே சாவு விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே முன்கூட்டியே அடைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அடைத்த விதத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

2020இல் அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் நான்கு மணி நேரம்தான் இருந்தது. கோவில்பட்டியில் பல வீடுகளின் அடுப்பு வாரச் சம்பளத்தில் எரிவது. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற, பெட்டி அடைக்கிற பெண்களுக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி; ஆபீஸ் பூட்டினால் கூலி இல்லை. அவர்களுக்கு "வீட்டில் இரு" என்பது "இந்த வாரம் சம்பளம் இல்லை" என்றுதான் காதில் விழுந்திருக்கும். எத்தனை வாரம் என்பதும் நிச்சயமில்லை. ஏப்ரல் 14 என்றார்கள்; மே 3 ஆனது; பிறகு 17 ஆனது; பிறகு 31 ஆனது. அந்த ஏப்ரல் கடைசியில்தான் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பல வருடம் காத்திருந்து கிடைத்த பெருமை. கருப்பட்டி மணமும் வெல்லப்பாகுக் கொதியும் இல்லாமல் பட்டறைகள் ஓய்ந்திருந்த நேரத்தில் அது வந்து சேர்ந்தது.

கரிசல் காட்டில் அது வத்தல் காய்கிற காலம். விளாத்திகுளம் பக்கம் களத்தில் மிளகாய் சிவந்து கிடந்தது. வாங்க வருகிற வியாபாரி வரவில்லை. எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடவில்லை. விவசாய வேலைக்குத் தடை இல்லை என்று மார்ச் 27 அன்றே மத்திய அரசு ஒரு திருத்தம் வெளியிட்டது. அது அரசாணைத் தாளில் இருந்தது. காட்டுக்குப் போகிற வழியில் தடுத்து நிறுத்தப்பட்ட சம்சாரியின் கையில் இல்லை. இன்னொரு கூட்டத்தாரை நினைத்துப் பாருங்கள். பிறத்தியார் புஞ்சையில் கிடை போட்டு, ஊர் மாற்றி ஊர் ஆடு பத்திப் போகிற கீதாரிகள். அவர்களை வீட்டில் இரு என்றால் எந்த வீட்டில் இருப்பது? உத்தரவை எழுதுகிறவர் மனதில் நான்கு சுவரும் ஒரு குழாயும் ஒரு கக்கூசும் உள்ள வீடுதான் இருக்கும். குடத்தோடு தெருக்குழாய்க்கு நடக்க வேண்டிய வீடும், ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிற வீடும் அவர் கணக்கில் வருவது அபூர்வம்.

ஒரு காரியத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். அரிசி கார்டுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் கொடுத்தபோது ரேஷன் கடையில் நெரிசல் வராமல் இருக்க டோக்கன் கொடுத்தார்கள். எந்தத் தேதி, எந்த நேரம் என்று அந்தச் சின்னத் தாளில் எழுதியிருக்கும். தாங்கள் எப்போது வெளியே போகலாம், எதற்குப் போகலாம் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் வரிசையில் இடம் விட்டு நின்றார்கள். கடை முன்னால் சுண்ணாம்பில் போட்ட வட்டங்களுக்குள் பையை வைத்துவிட்டு வேப்ப மர நிழலில் ஒதுங்கி நின்ற பாட்டிகளுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. விவரம் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்பதற்கு அந்தத் தாளைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை.

விவரம் சொல்லப்படாத இடத்தை பயம் பிடித்துக்கொண்டது. ஊர் எல்லையில் உடைமரத்தை வெட்டிப் போட்டு முள்வேலி கட்டிய கிராமங்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், வேப்பிலை கட்டினார்கள். காப்புக் கட்டிய ஊரில் வெளியூர் போய் ராத்தங்கக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு இப்போது கைகொடுத்தது. அது வரைக்கும் சரி. ஆனால் அதே முள் பிரசவ வலியோடு போகிற ஆட்டோவுக்கும் முள்தானே? மே மாதத்தில் மும்பையிலிருந்து நம் ஆட்கள் திரும்பினார்கள். தாராவியில் இரண்டு மூன்று தலைமுறையாகப் பிழைக்கிற திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள். வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது உண்மை. அவர்களைக் கல்லூரிகளிலும் பள்ளிக்கூடங்களிலும் தங்க வைத்தது சரியான ஏற்பாடு. அந்த நாட்களில் அவர்கள் கேட்ட பேச்சுதான் சரியில்லை. வருடம் தவறாமல் கோயில் கொடைக்கு வரி அனுப்பிய பிள்ளைகளை "பம்பாய்க்காரன்" என்று ஒதுக்கினார்கள்.

பிறகு அந்த ஸ்டிக்கர். தொற்று வந்த வீட்டுக் கதவில், தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே வராதீர்கள் என்று ஒட்டினார்கள். சில இடங்களில் வாசலை மறித்துத் தகரம் அடித்தார்கள். வேப்பிலையும் ஸ்டிக்கரும் சொல்ல வந்த செய்தி ஒன்றுதான். ஆனால் வேப்பிலை கண்ட வீட்டுக்குக் கூழ் வந்தது. ஸ்டிக்கர் கண்ட வீட்டைச் செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். ஸ்டிக்கரைக் கிழித்த பிறகும் மாதக்கணக்கில் அந்த வீட்டுப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் விளையாடவில்லை. இதனால்தான் காய்ச்சல் வந்தும் பரிசோதனைக்குப் போகாமல் மறைத்தவர்கள் இருந்தார்கள். மறைத்தால் நோய் பரவும். எதைத் தடுக்கக் கதவில் ஒட்டினார்களோ அதையே அது வளர்த்தது. உரிய அதிகாரியின் தனி ஆணை இல்லாமல் வீட்டு வாசலில் இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது.

தனித்து வைப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்திலேயே தட்டப்பாறை இருக்கிறது. தூத்துக்குடிக்கு ரயிலில் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைக் கடந்துதான் போக வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டுபோன காலத்தில், கப்பல் ஏறுவதற்கு முன்னால் கூலித் தொழிலாளர்களை நிறுத்தி வைக்கிற முகாம் அங்கே இருந்தது. பின்னாளில் அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது. காலராவும் பிளேக்கும் அம்மையும் கடல் தாண்டிவிடக் கூடாது என்று உடம்பைப் பார்த்து, சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பஞ்சம் பிழைக்கப் போனவர்களுக்குத்தான் அந்த முகாம். முதல் வகுப்பில் கொழும்புக்குப் போகிற துரைக்கு அப்படியில்லை. கிருமிக்கு வகுப்பு தெரியாது. தனிமைப்படுத்துகிற கைக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. 2020இல் நடந்ததைப் பார்க்கும்போது இந்தப் பழைய முகாமின் நினைவு வராமல் இல்லை.

இனி, எழுதக் கை வராத ஒன்று. எழுதாமல் விட்டால் இந்தப் பக்கத்துக்கே அர்த்தமில்லை.

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்; அவரைத் தேடிப் போன, செல்போன் கடை வைத்திருந்த மகன் பென்னிக்ஸையும் அங்கே பிடித்து வைத்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டுதான் வழக்கின் தொடக்கம். அன்றிரவு ஸ்டேஷனில் அடித்தார்கள். மறுநாள் அவர்களைக் கொண்டுவந்து அடைத்த இடம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள கோவில்பட்டி கிளைச் சிறை. ஜூன் 22 இரவு மகன் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் இறந்தார். மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரியில் அப்பா இறந்தார். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது. ஒரு கட்டத்தில் அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. விசாரிக்கப் போனவர் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன். அங்கே பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, அன்றிரவு கண்டதை பயந்தபடியே ஆனாலும் மறைக்காமல் சொன்னார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போய், போலீஸார் ஒன்பது பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

அரசு ஊழியரின் உத்தரவை மீறினால் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவு விதிக்கிற தண்டனை அதிகம் போனால் ஆறு மாதம். அபராதம் 1,000 ரூபாய். அதுவும் மீறலால் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால்தான். சாதாரண மீறலுக்கு ஒரு மாதமும் 200 ரூபாயும். இதை ஒரு கணம் மனதில் நிறுத்திப் பாருங்கள். உயிரைக் காப்பாற்றப் போட்ட உத்தரவு அது. அப்பாவும் மகனும் அடுத்தடுத்து நம் ஊர் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார்கள். அந்த வாரத்தில் கோவில்பட்டியில் யாரிடம் போய், ஊரடங்கு உங்கள் நன்மைக்காகத்தான் என்று சொல்ல முடியும்? சுகாதார உத்தரவு லத்தியின் கைக்குப் போய்விட்டால் பிறகு அது சுகாதார உத்தரவு இல்லை. சுகாதார ஆய்வாளரும் ஆஷா பணியாளரும் கிராம செவிலியரும் வீடு வீடாக நடந்து, மாதக்கணக்கில் சேர்த்த நம்பிக்கையை ஓர் இரவு கலைத்துவிட்டது.

2021 மே மாதம் சில விஷயங்கள் திருந்தியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது அலை முதலாவதைவிடக் கொடூரம். முழு ஊரடங்கு மே 10 தொடங்கும் என்று 8ஆம் தேதியே அறிவித்தார்கள். நடுவில் கடைகள் திறந்திருந்தன, பஸ் ஓடியது, ஊருக்குத் திரும்புகிறவர்கள் திரும்பினார்கள். 24ஆம் தேதி முதல் கட்டுப்பாட்டை இறுக்கியபோது காய்கறியை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக அனுப்பினார்கள். அரிசி கார்டுக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். அறிவித்த நாளுக்கும் தொடங்கிய நாளுக்கும் இடையில் மார்க்கெட்டில் கூட்டம் முண்டியது உண்மைதான். அந்தக் கூட்டத்தில் நோயும் கொஞ்சம் பரவியிருக்கும். இருந்தாலும் நான்கு மணி நேர அவகாசத்துக்கும் இரண்டு நாள் அவகாசத்துக்கும் உள்ள தூரம் பெரியது. "உன்னை வீட்டில் இருக்கச் சொல்கிறேன், உன் வாசலுக்குத் தக்காளி வரும்" என்று அரசு சொன்னது, பக்கத்து வீட்டார் திண்ணையில் வைத்த நுங்குக்குக் கொஞ்சம் நெருங்கி வந்த காரியம்.

அந்த மே மாதத்தில்தான் எழுத்தாளர் கி.ரா. போனார். 17ஆம் தேதி புதுச்சேரியில் இறந்தார். உடலை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு செய்தார்கள். கரிசல் காட்டுச் சம்சாரிகளை எழுத்தில் நிற்க வைத்த மனிதருக்கு, சாதாரண நாளாக இருந்திருந்தால் கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் வரைக்கும் ரோடு கொள்ளாமல் ஆள் நின்றிருப்பார்கள். துக்க வீட்டில் 20 பேருக்கு மேல் கூடாது என்பது அப்போதைய விதி. அவருடைய புத்தகங்களைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற வாசகர்கள், பத்து கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள்கூட வீட்டிலேயே இருந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். துட்டிக்குப் போகாமல் இருப்பது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய குறை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாம் அலை எப்படிப்பட்டது என்று அதற்குள் ஒவ்வொரு தெருவும் பார்த்துவிட்டது. தன்னால் இன்னொரு வீட்டில் இழவு விழக் கூடாது என்பதற்காகத்தான் பெரும்பாலோர் உள்ளேயே இருந்தார்கள். யாருக்காக என்ற கேள்விக்கு அவர்கள் பதில் தெரிந்து நடந்தார்கள்.

மாணவிக்கு என் பதில் இதுதான். இந்த 144 கொரோனாவுக்கு இல்லை, திருவிழாவுக்கு. நீ ஜோதி ஓட்டம் பார்க்கப் போகலாம். 2020லும் 2021லும் மே மாதத்தில் கோயில் நடை பக்தர்களுக்குத் திறக்கவில்லை; அந்த இரண்டு வருடமும் தவறியதை எல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு வா. உன் காலத்தில் இன்னொரு கொள்ளைநோய் வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அப்போதும் ஓர் உத்தரவு வரும். வந்தால் உன் வீட்டில் உள்ளவர்களுக்கு அதை முழுசாகப் படித்துச் சொல்லு. எந்தச் சட்டத்தில் போட்டது, எந்தத் தேதி வரைக்கும், எந்தக் கடை எத்தனை மணி வரைக்கும், காட்டு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு என்ன வழி என்று கேட்டுக்கொள். தொற்று வந்தவரைத் தனியே வைப்பது வேறு. அவரோடு பழகியவரைச் சில நாள் கவனித்து வைப்பது வேறு. தெருவையே அடைப்பது வேறு. ஊர் முழுக்க வீட்டில் இருப்பது வேறு. உனக்கு எது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். வாட்ஸ்அப்பில் வருவதை ஆட்சியர் அலுவலக அறிக்கையோடு ஒத்துப் பார். உன் தெருவில் ஒரு கதவு சாத்தியிருந்தால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று வாசலில் நின்று கேள்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக் கட்டிய ஆட்டோவை அனுப்பும்போது "மீறினால் கடும் நடவடிக்கை" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஏன், எதுவரைக்கும், உதவிக்கு எந்த எண் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். அரசாணைத் தமிழை ஒரு பாட்டி ஒரு முறை கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது. குழாயடிக்கு நேரம் பிரித்துக் கொடுப்பது, தனியே இருக்கிற முதியவர்கள் யார் யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது, கூலி வேலைக்காரர் வீட்டில் எத்தனை நாள் அரிசி இருக்கும் என்று தெரிந்து வைப்பது எல்லாம் நோய் வராத நாளிலேயே செய்து வைக்கக் கூடிய வேலைகள்.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். அந்த இரண்டு வருடத்துக் காகிதங்கள் பல வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. ரேஷன் டோக்கன், இ-பாஸ் அச்சுப்பிரதி, ஊராட்சி ஒட்டிய அறிவிப்பு, கடை வாசலில் கைப்பட எழுதித் தொங்கவிட்ட அட்டை, தீப்பெட்டி ஆபீஸ் மறுபடி திறக்கிறது என்று வந்த துண்டுத் தாள். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து, எந்த ஊர், எந்த மாதம் என்ற குறிப்போடு எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். கதவில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட வீட்டில் இருந்தவர்கள் அந்த நாட்களைப் பற்றி எழுதினால் முதலிடம் அவர்களுக்குத்தான். ஆடி இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிட எண்ணியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்